அமுக்குணி கேட்ட ஒரே கேள்வி

அந்த இரும்புக் கிடங்கில் அவளுக்கு வைத்திருந்த பெயர் அமுக்குணி. பெயர் வைத்த மகராசன் யாரோ தெரியாது. பேசாமல் இருக்கிறவர்கள் எல்லாம் உள்ளுக்குள் ஏதோ திட்டம் போடுகிறார்கள் என்று நினைக்கிற ஆளாகத்தான் இருந்திருப்பான். அவள் ஒரு திட்டமும் போடவில்லை. நாலு பேர் இருக்கிற இடத்தில் வாயைத் திறக்கக் கூச்சம், அவ்வளவுதான். நாற்பத்தொரு வயதிலும் அப்படித்தான்.

குழாய்க் கட்டுகளுக்குச் சங்கிலி சுற்றி, கிரேன் கொக்கியில் மாட்டிவிடுவது அவள் வேலை. ஒன்பது வருஷமாக மாட்டிவிட்டு அண்ணாந்து பார்த்தே பழகியவளுக்கு, உச்சியில் இருக்கிற அந்தக் கண்ணாடி கேபின்மேல் ஆசை வந்துவிட்டது. தனியாக உட்காரலாம். யாரும் பேச்சுக் கொடுக்க மாட்டார்கள். வேறென்ன வேண்டும்? கிரேன் ஓட்ட மூன்று மாத வகுப்பு என்று அறிவிப்பு ஒட்டிய அன்றைக்கே பெயர் கொடுத்துவிட்டாள்.

அங்கேதான் வந்தது வினை. வகுப்பில் கேள்வி கேட்பதற்கும் பதில் சொல்வதற்கும் இருபது மதிப்பெண். அதில் குறைந்தது பத்து வாங்காவிட்டால் கடைசிப் பரீட்சைக்குக் கேபின் ஏணியில் காலே வைக்க முடியாது. எந்தப் புண்ணியவான் போட்ட சட்டமோ!

பயிற்சி கொடுத்த சார் அவளைவிடப் பன்னிரண்டு வயது சின்னவர். தங்கமான மனுஷர்தான், ஆனால் வகுப்பு அமைதியாக இருந்தால் அவருக்கு இருப்புக்கொள்ளாது.

"அக்கா, புரிஞ்சுதா?"

தலையாட்டுவாள்.

"தலையாட்டினா எனக்கு எப்படித் தெரியும்? வாயைத் திறங்கக்கா. ஏதாச்சும் கேளுங்க."

கேள்வி இருக்கும். நாலைந்து இருக்கும். அதை மனசுக்குள் கோர்த்து முடிப்பதற்குள் பக்கத்து நாற்காலி ரேடியோ முந்திக்கொள்வான். ரேடியோ என்பது அவனுக்கு வைத்த பெயர். அணைக்கிற பொத்தான் இல்லாத ரேடியோ. "சார், கிரேனுக்கு ஏன் சார் மஞ்சள் பெயிண்ட்?" என்று கேட்டு அதற்கும் ஒரு மதிப்பெண் வாங்கினான். எரிச்சல் வருமா வராதா, நீங்களே சொல்லுங்கள்!

அவள் படித்த விதமே வேறு. வீட்டுக்கு வந்ததும் ஒரு நூலில் பூட்டைக் கட்டித் தொங்கவிட்டு, சமையலறைக்கும் வாசலுக்கும் நடப்பாள். நின்றால் பூட்டு ஆடும். அது எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கமே கையைக் கொண்டுபோய், அதன் தலைக்கு நேர் மேலே நிறுத்தினால் ஆட்டம் அடங்கும். தொங்கும் சுமையின் ஆட்டத்தை அடக்க வகுப்பில் ஒரு தடவை காட்டியதை வீட்டில் முந்நூறு தடவை செய்து பார்த்தாள்.

"பூட்டை எங்க கூட்டிட்டுப் போறே?" என்று சிரித்தார் புருஷன்.

"ஆடாம நிக்கப் பழக்குறேன்." வீட்டில் நன்றாகவே பேசுவாள், கிடங்கில் சொன்னால் நம்ப மாட்டார்கள்.

"சரி, பேச்சு மார்க் எவ்வளவு வந்திருக்கு?"

"ஒன்னும் இல்ல. பயமா இருக்குங்க. கேபின் கைக்கு எட்டாமலே போயிடும்போல."

அவர் சிரிப்பதை நிறுத்திவிட்டார்.

பரீட்சைக்கு முதல் நாள் ஒத்திகை நடந்தது. கேபினில் ரேடியோ. கீழே நின்று சார் கையால் சைகை காட்ட, மற்றவர்கள் தூணுக்குப் பின்னால் சுவரோரமாக நின்று கதை பேசிக்கொண்டிருந்தார்கள். சங்கிலிகளை மாட்டியது வகுப்பில் இன்னொருவர். மாட்டும்போதே அவள் பார்த்துவிட்டாள்: ஒரு சங்கிலியின் வளையம் கொக்கிக்குள் முழுசாக இறங்கவில்லை, நுனியில் நிற்கிறது. சொல்லணும். ஆனால் சார் பார்த்திருப்பார். பார்க்காமலா இருப்பார்? நாம் சொல்லி, அது தப்பாக இருந்துவிட்டால்? அவள் இப்படி மனசோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும்போதே குழாய்க் கட்டு மேலே எழும்பிவிட்டது. சார் அதற்கு இரண்டடி தள்ளி நிற்கிறார்.

முதல் நாள் பாடம் ஒன்று உண்டு. மற்ற சைகையெல்லாம் ஒருவர்தான் காட்ட வேண்டும். 'நிறுத்து' என்பதை மட்டும் யார் வேண்டுமானாலும் காட்டலாம்.

தூணைத் தாண்டி நடுத்தளத்துக்கு வந்து இரண்டு கையையும் விரித்து வீசினாள். எல்லார் கண்ணும் அவள்மேல். கிரேன் நின்றது. ரேடியோவைச் சும்மா சொல்லக்கூடாது, கையைப் பார்த்த நொடியில் நிறுத்திவிட்டான்.

"யாரு நிறுத்தச் சொன்னது?" என்று கத்தினார் சார்.

கொக்கியை நோக்கி விரலை நீட்டினாள். அண்ணாந்து பார்த்தவர் முகம் வெளிறிவிட்டது. எல்லாரையும் விலக்கிவிட்டு, தானும் தள்ளிப்போய், கட்டை அங்குலம் அங்குலமாக இறக்க வைத்தார்.

"எப்பக்கா பாத்தீங்க?"

"மாட்டும்போதே."

"அப்பவே ஏன் சொல்லல?"

நியாயமான கேள்வி. தான் வாய் திறக்காததால் ஒரு உயிர் போயிருக்குமே என்று நினைத்ததும் கண் கலங்கிவிட்டது.

"விடுங்க, நானும் பாத்திருக்கணும்" என்று சார் ஒரு பெட்டிமேல் உட்கார்ந்து மதிப்பெண் நோட்டைத் திறந்தார். "உங்க பேருக்கு நேரா ஒன்னுமே இல்லக்கா. இப்பக் கேளுங்க. உருப்படியா ஒரே ஒரு கேள்வி. பத்து போடறேன்."

யாரும் முந்திக்கொள்ளவில்லை. கீழே இறங்கி வந்திருந்த ரேடியோகூட வாயைப் பொத்திக்கொண்டு நின்றான். அவள் நிதானமாக வார்த்தைகளைக் கோர்த்தாள்.

"சார், நாங்க நின்ன சுவரோரத்துலயே நின்னு நான் கை காட்டியிருந்தா, கேபின்ல தெரிஞ்சிருக்குமா?"

சாருக்கே அது நிச்சயமாகத் தெரியவில்லை. எழுந்து தானே ஏணியில் ஏறினார். அவள் பழைய இடத்தில் போய் நின்று கையை வீசினாள்.

மேலேயிருந்து குரல் வந்தது. "தெரியலக்கா! தூண் மறைக்குது!"

இறங்கி வந்து பத்து போட்டார். அன்றைக்கே நிற்கிற இடத்தை மாற்றித் தரையில் கோடு கிழித்தார்கள். மறுநாள் பரீட்சையில், அவள் தூக்கிய கட்டு அவள் வீட்டுப் பூட்டு மாதிரியே ஆடாமல் நின்றது.

இப்போது கேபினில் இருப்பது அமுக்குணிதான். "சட்டுனு தூக்க மாட்டாளே இவ!" என்று ரேடியோ கீழே இருந்து சலித்துக்கொள்வான். அவள் காதில் போட்டுக்கொள்வதில்லை. கீழே இருப்பவர்களில் யார் வாயே திறக்காமல் நிற்கிறார் என்று தேடுவாள். அந்த ஆளின் இரண்டு கையும் கண்ணில் பட்ட பிறகுதான் தூக்குவாள்.