அம்மா "அக்கா" என்று கூப்பிட்ட நாள்

போன வருடம் மாசி மாதம், திருவண்ணாமலையில் செங்கம் ரோட்டில் இருக்கிற ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது இது. பல நாடுகளைச் சேர்ந்த பெண் இயக்குநர்கள் எடுத்த படங்களை மட்டும் போட்டுக் காட்டுகிற சர்வதேசத் திரைப்பட விழா. மணமக்கள் உட்காரும் மேடையில் பெரிய வெள்ளைத் திரை கட்டியிருந்தார்கள். ஜன்னல்களையெல்லாம் கறுப்புத் துணியால் மூடி, மண்டபத்தை சினிமா தியேட்டர் ஆக்கிவிட்டார்கள்.

எனக்கும் சினிமாவுக்கும் ரொம்ப தூரம். ரமணாசிரமம் பக்கத்தில் ஒரு கெஸ்ட் ஹவுஸில் ரிசப்ஷனில் வேலை செய்கிறேன். விழாவுக்கு வந்த இயக்குநர்களில் சிலருக்கு எங்கள் கெஸ்ட் ஹவுஸில்தான் ரூம் போட்டிருந்தார்கள். எனக்கு இங்கிலீஷ் வரும் என்பதால், "கூட இருந்து வேண்டியதைப் பாத்துக்கோ" என்று முதலாளி அனுப்பி வைத்தார். கடைசி நாள் ஞாயிற்றுக்கிழமை. "கூட்டம் கம்மியா இருக்குது, வீட்ல யாராச்சும் இருந்தா கூட்டிட்டு வாம்மா" என்றும் சொல்லிவிட்டார்.

அன்று காலைக் காட்சியில் எங்கள் மலையைப் பற்றி ஒரு பழைய டாக்குமெண்டரி. எடுத்தவர் வெளிநாட்டுக்காரர், அறுபது வயதைத் தாண்டியிருக்கும், எங்கள் கெஸ்ட் ஹவுஸில் மாடி ரூமில் தங்கியிருந்தார். இளம் வயதில் இங்கே வந்து சில மாதங்கள் இருந்து, மலையைச் சுற்றி வேலை செய்கிற பெண்களைப் படம் பிடித்தாராம். எங்கள் ஊர் அடி அண்ணாமலை, கிரிவலப் பாதையிலேயே இருக்கிறது. நான் கல்யாணமாகி வேங்கிக்காலில் இருந்தாலும் அம்மாவும் அப்பாவும் அங்கேதான். போன் செய்து, "நம்ம ஊர்ப் பக்கம் எடுத்த படம்மா, வர்றியா?" என்று கேட்டேன்.

"ஏசி இருக்குதா?" என்று கேட்டார் அம்மா.

"இருக்குது."

"அப்பன்னா வர்றேன்."

அப்பாவைக் கூப்பிட்டதற்கு, மாட்டுக்கு யார் தண்ணி காட்டுவது என்று சொல்லி வராமல் இருந்துவிட்டார்.

படம் ஆரம்பித்தது. அம்மாவுக்கு ஒரே குஷி. "தோ பாரு, அந்தப் புளிய மரம் இப்ப இல்ல. ரோடு போடறப்ப வெட்டிட்டாங்க", "இந்தக் கெணறு யாருதுனு தெரியுதா?" என்று என் காதில் ஓதிக்கொண்டே இருந்தார். எனக்குப் பாதி கவனம்தான். மதியச் சாப்பாட்டுக்குத் தண்ணீர் கேன் இன்னும் வரவில்லை என்று போனில் மெசேஜ் வந்துகொண்டிருந்தது. குனிந்து பதில் அடித்துக்கொண்டிருந்தேன்.

திடீரென்று அம்மா என் மணிக்கட்டைப் பிடித்தார். வளையல் கையில் அழுந்துகிற அளவுக்குப் பிடி. நான் நிமிர்வதற்குள் எழுந்து நின்றுவிட்டார். அந்த இருட்டு மண்டபத்தில் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "அக்கா!" என்று கூப்பிட்டார்.

இங்கே என் வீட்டுக் கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

என்னைப் பெற்றவர் எனக்கு இரண்டு வயது முடிவதற்குள் மஞ்சள் காமாலையில் இறந்துவிட்டார். குழந்தையை யார் பார்ப்பது என்ற பேச்சு வந்தபோது, அவருடைய தங்கையையே அப்பாவுக்குக் கட்டி வைத்தார்கள். நான் அம்மா என்று கூப்பிடுவது அவரைத்தான். பெற்றவருக்கென்று வீட்டில் ஒரே ஒரு கல்யாணப் போட்டோ இருந்தது. மழையில் நனைந்து, முகம் இருந்த இடம் வெளுத்துப்போன போட்டோ. அது யார் என்று சின்ன வயதில் கேட்டால் "பெரியம்மா" என்பார்கள். ஏழாவது படிக்கும்போது ஒரு கல்யாண வீட்டில், சொந்தக்கார அம்மா ஒருவர் என் முகவாயைத் தூக்கிப் பார்த்து, "அப்டியே செத்துப்போன அம்மாள உரிச்சு வெச்சிருக்கா" என்று சொன்னபோதுதான் எனக்குத் தெரிந்தது.

வீட்டுக்கு வந்து யாரிடமும் கேட்கவில்லை. எனக்குத் தெரிந்துவிட்டது என்பது அம்மாவுக்குத் தெரியும். அவரும் பேசவில்லை. என்னை வளர்த்ததில் அவர் ஒரு குறையும் வைத்ததில்லை. அப்படிப்பட்டவரிடம் போய், "என்னைப் பெத்தவங்க எப்படி இருப்பாங்க, எப்படிப் பேசுவாங்க?" என்று எப்படிக் கேட்பது? அவர் மனசு நோகாதா? அதனால் அந்த ஏக்கத்தை எனக்குள்ளேயே வைத்துக்கொண்டேன். முகம் வெளுத்த அந்தப் போட்டோவை யாரும் இல்லாத நேரத்தில் எடுத்துப் பார்ப்பேன். கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்து, இதில் எது அவருடையது என்று யோசிப்பேன். குரலை மட்டும் எதை வைத்தும் யோசிக்க முடியவில்லை.

அந்தக் குரல்தான் இப்போது மண்டபம் முழுக்கக் கேட்டது.

திரையில் ஒரு கொல்லை. பிடுங்கிப் போட்ட வேர்க்கடலைச் செடிகள், எங்கள் பக்கம் மல்லாட்டை என்போம், குவியலாகக் கிடக்கின்றன. நாலைந்து பெண்கள் உட்கார்ந்து காய் ஆய்ந்துகொண்டிருக்கிறார்கள். முன்னால் இருப்பவருக்கு இருபது இருபத்தொரு வயதிருக்கும். பக்கத்து மரத்தில் புடவையால் குழந்தைக்கு ஏணை கட்டி, அதை ஆட்டுகிற கயிற்றைக் கால் கட்டை விரலில் மாட்டியிருக்கிறார். கை காயை உருவுகிறது, கால் ஏணையை ஆட்டுகிறது. கேமராவைப் பார்த்துச் சிரிக்கிறார்.

"எம் மூஞ்சிய எதுக்கும்மா புடிக்கற? மலையப் புடி. மலதான் அழகா இருக்குது."

மற்ற பெண்கள் சிரிக்கிறார்கள். ஏணைக்குள் குழந்தை சிணுங்குகிறது. அவர் கயிற்றைக் கழற்றிவிட்டு, "தோ வந்துட்டேண்டி கண்ணு" என்று எழுந்து போகிறார். அவ்வளவுதான். படம் வேறு இடத்துக்குப் போய்விட்டது.

ஏணைக்குள் இருந்தது நான்தான் என்று எனக்கு உறைக்கவே கொஞ்ச நேரம் ஆனது.

குரல் நான் நினைத்த மாதிரி இல்லை. அம்மாவுடைய குரல் மாதிரி மெல்லியதாக இருக்கும் என்று எப்போதோ முடிவு கட்டியிருந்தேன். இது கட்டையான குரல், கொஞ்சம் கரகரப்பு. ஆனால் அந்த "தோ"வை இழுத்த விதம் அப்படியே அம்மாதான்.

பின்னால் இருந்தவர்கள் "உக்காருங்க" என்றார்கள். நான் அம்மாவை இழுத்து உட்கார வைத்தேன். அவர் அழவில்லை. அக்கா மறுபடி வருவாரோ என்று படம் முடிகிற வரை திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். வரவில்லை.

விளக்கு போட்டதும் இயக்குநரை மேடைக்கு அழைத்து மாலை போட்டார்கள். அம்மா என் கையை விடாமல் நேரே அங்கே நடந்தார். "எங்கக்காவ இன்னொரு வாட்டி காட்டச் சொல்லு."

இயக்குநர் குனிந்து, என்ன விஷயம் என்று என்னிடம் கேட்டார். மல்லாட்டை ஆய்ந்துகொண்டிருந்த பெண்ணைப் பற்றிச் சொன்னேன். யார் அவர் என்று கேட்டார். இத்தனை வருடத்தில் அம்மாவின் எதிரில் வேறு யாரையும் அம்மா என்று நான் சொன்னதில்லை. "இவங்களோட சிஸ்டர்" என்றேன் இங்கிலீஷில்.

அம்மாவுக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனால் சிஸ்டர் என்ற சொல் தெரியும். என் தோளில் கை வைத்து, "மதர்னும் சொல்லுடி" என்றார்.

நான் அவரைப் பார்த்தேன்.

"என்னா பாக்கற? உன்னப் பெத்தவதான? சொல்லு."

சொன்னேன். அந்த வெளிநாட்டு அம்மா என் முகத்தையும் அம்மா முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, எத்தனையோ பெண்களைப் படம் பிடித்தேன், இவரை எனக்கு ஞாபகம் இல்லை, என்னை மன்னித்துவிடுங்கள் என்றார். அதைத் தமிழில் சொன்னபோது அம்மா தலையை ஆட்டினார். "அதுக்கென்ன. வந்தாங்களே, புடிச்சாங்களே. அதுவே போதும்னு சொல்லு."

அடுத்த படத்துக்கு நேரமாகிவிட்டது, திரும்பப் போட முடியாது என்றார்கள் விழா நடத்தியவர்கள். இயக்குநர் ஒப்புக்கொள்ளவில்லை. சாப்பாட்டு நேரத்தில் போட்டே ஆக வேண்டும் என்று பிடிவாதமாக நின்றார். கடைசியில் எல்லோரும் பந்திக்குப் போன பிறகு, கம்ப்யூட்டரில் படம் ஓட்டுகிற பெண் அந்த இடத்தைத் தேடி எடுத்துப் போட்டார். மண்டபத்தில் நாங்கள் நாலு பேர் மட்டும்.

அம்மா எழுந்து திரைக்குப் பக்கத்திலேயே போய்விட்டார். அவர் நிழல் திரையில் விழுந்து அக்காவை மறைத்தது. "கொஞ்சம் தள்ளிக்கங்கம்மா" என்று அந்தப் பெண் சொன்னார். அம்மா ஓரமாக நகர்ந்து, திரைத் துணியில் கையை வைத்துக்கொண்டு நின்றார். இரண்டாம் முறை நான் திரையைப் பார்க்கவே இல்லை. அம்மாவைத்தான் பார்த்தேன். ஐம்பது வயதுப் பெண் பதினாறு பதினேழு வயதுப் பிள்ளை மாதிரி நின்றுகொண்டிருந்தார். கேட்காமலேயே அந்தப் பெண் மூன்றாம் முறையும் ஓட்டினார்.

போனில் எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டேன். படத்தின் உரிமை தன் நாட்டு டிவி கம்பெனி ஒன்றிடம் இருக்கிறது, தன் கையில் இல்லை, ஆனால் அவர்களிடம் கேட்டு வாங்கி அனுப்புகிறேன் என்றார் இயக்குநர். அதற்கு மேல் அவரை வற்புறுத்த மனசு வரவில்லை.

சாயங்காலம் அம்மாவை ஊரில் விட ஷேர் ஆட்டோவில் போனோம். ஊருக்குக் கொஞ்சம் முன்னாலேயே "எறங்கிக்கலாம்" என்றார். கிரிவலப் பாதை ஓரம் ஒரு சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்தோம். எதிரில் மலை.

"உனக்கு விவரம் தெரியற வரைக்கும் அக்கான்ற வார்த்தைய வாயிலயே எடுக்கக் கூடாதுனு பெரியவங்க சொன்னாங்க" என்று ஆரம்பித்தார். "கொழந்த கொழம்பிடும்னு. நானும் எடுக்கல. அப்பறம் உனக்குத் தெரிஞ்சிடுச்சுனு தெரிஞ்சதும் இன்னும் பயமாப் போச்சு. அக்கானு பேச ஆரம்பிச்சா நீ என்ன அம்மானு கூப்புட மாட்டியோனு."

"நான் ஏம்மா அப்டிப் பண்ணப் போறேன்?"

"தெரியுது. இருந்தாலும் பயம்தான." மலையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "எங்க ரெண்டு பேருக்கும் ஒரே பாய்தான். அவ கல்யாணமாகிப் போன அன்னிக்கு எனக்குத் தூக்கமே வரல. அப்பறம் இந்த வூட்டுக்கே வந்து, அவ பொழங்கின பாத்திரத்தயே பொழங்கி, அவ புள்ளய வளத்தேன். அவளப் பத்தி பேச மட்டும் யாருமே இல்ல."

பெற்றவரை இழந்தது நான் மட்டும்தான் என்று நினைத்திருந்தேன். அம்மாவும் ஒருவரை இழந்தவர் என்பது ஒரு நாளும் என் புத்தியில் படவில்லை. போட்டோவை நான் ஒளிந்து பார்த்த மாதிரியே அவரும் எத்தனை தடவை ஒளிந்து பார்த்தாரோ!

வீட்டுக்குப் போனதும் அம்மா, அப்பாவிடம் நேரடியாகச் சொன்னார். "படத்துல அக்காவப் பாத்தேன்."

அப்பா மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். திரும்பவில்லை. நடந்ததை நான் முழுசாகச் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்.

"சிரிக்கறாளா அதுல?"

"சிரிக்கறாங்கப்பா."

தலையை ஆட்டிவிட்டு வாளியை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போய்விட்டார்.

மறுநாள் காலை நான் கெஸ்ட் ஹவுஸில் இருந்தபோது வாசலில் அப்பாவின் மொபெட் வந்து நின்றது. சவரம் செய்து, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார். அந்த இயக்குநர் விடியற்காலையிலேயே கார் பிடித்து சென்னை ஏர்போர்ட்டுக்குக் கிளம்பிவிட்டார். மண்டபத்தில் திரையைக் கழற்றி, அடுத்த கல்யாணத்துக்கு வாழை மரம் கட்டிக்கொண்டிருந்தார்கள். அதை எப்படிச் சொல்வது என்று நான் தயங்குவதற்குள் அவரே, "படம் இன்னிக்கும் போடுவாங்களாம்மா?" என்று கேட்டார்.

"முடிஞ்சிடுச்சுப்பா."

"செரி செரி. நான் சும்மா இந்தப் பக்கம் ஒரு வேலையா வந்தேன்" என்று சொல்லி, வண்டியைத் திருப்பினார். அவருக்கு அந்தப் பக்கம் ஒரு வேலையும் கிடையாது என்பது எனக்குத் தெரியும். அந்த வெள்ளைச் சட்டை ரோட்டில் போய் மறைகிற வரை பார்த்துக்கொண்டே நின்றேன்.

இயக்குநர் சொன்னபடி எழுதிக் கேட்டாராம். கம்பெனி கை மாறிவிட்டது, பழைய படங்கள் எங்கே இருக்கின்றன என்று தேடுகிறார்கள் என்று ஒரு மெயில் வந்தது. பிறகு இன்னொன்று, இன்னும் தேடுகிறார்கள் என்று. நானும் விடாமல் எழுதுகிறேன். எந்த ஊரில் படவிழா என்று பேப்பரில் வந்தாலும் அம்மா போன் பண்ணி, "நம்ம படம் அதுல இருக்குதா பாரு" என்கிறார். அப்பா பக்கத்தில் நின்று கேட்பது எனக்குத் தெரிகிறது.

ஆனால் வீட்டில் பேச்சு மாறிவிட்டது. குழம்பு கொதிக்கும்போது, "அக்கா இதுல மல்லாட்டைய வறுத்துப் பொடிச்சுப் போடுவா" என்கிறார் அம்மா. "அவ ரொம்பக் காரம் போடுவா, அதயும் சொல்லு" என்கிறார் அப்பா. நான் கதை கேட்கிற பிள்ளை மாதிரி இரண்டு பேர் முகத்தையும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

அந்தக் காட்சியை இன்னும் ஒரே ஒரு முறை பார்த்துவிட மாட்டோமா என்ற ஆசை எங்கள் மூன்று பேருக்கும் தீரவில்லை, தீரும் என்றும் தோன்றவில்லை. ஆனால் ஆளுக்கொரு மூலையில் இத்தனை வருடம் ஒளித்து வைத்திருந்த ஏக்கத்தை இப்போது ஒன்றாக உட்கார்ந்து வாய்விட்டுச் சொல்கிறோமே, எனக்கு அதுவே பெரிய ஆறுதலாக இருக்கிறது.