பின்கழுத்தில் ஒரு கை

போர்க்காலம், தொண்ணூறுகளின் கடைசி. வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜில் தங்கியிருந்தேன். கொழும்பிலேயே கலியாணம் முடிந்து, பத்தொன்பதாம் நாள் கணவர் கனடாவுக்குத் திரும்பிவிட்டார். அவர் ஸ்பொன்சர் செய்தபின், தூதரகம் எப்போது நேர்முகத்துக்குக் கூப்பிடும் என்று இரண்டு வருடமாகக் காத்துக் கிடந்தேன்.

நடந்தது உண்மையான கலியாணம்தான் என்று அங்கே காட்ட வேண்டும். அதற்கு என்னிடம் இருந்தவை கலியாண அல்பமும் அவர் எழுதிய கடிதங்களும். லொட்ஜைச் சோதிக்கப் பொலிஸ் வந்தால் உடுத்த உடுப்போடு ஏற்றிக்கொண்டு போவார்கள் என்ற பயத்தில், எல்லாவற்றையும் அடையாள அட்டை, பொலிஸ் பதிவோடு ஒரு பையில் போட்டு, கடைக்குப் போனாலும் தோளில் மாட்டிக்கொண்டே திரிந்தேன். அந்தக் காலத்து அல்பம் அம்மிக்குச் சமம். சோதனைச் சாவடிகளில் புரட்டிப் பார்த்துச் சிரிப்பார்கள். ரோசம் வரும், ஆனாலும் பையை விடவில்லை.

ஒருநாள் காலையில் கழுத்தைத் திருப்பவே முடியவில்லை. எண்ணெய், நோவு வில்லை ஒன்றுக்கும் கேட்கவில்லை. பக்கத்து அறை அக்கா கொட்டாஞ்சேனையில் ஒரு பெண் வைத்தியரிடம் அனுப்பினார். மருந்தில்லாமல், கையாலேயே முதுகெலும்பையும் மூட்டுகளையும் சரிப்படுத்துகிற கைரோபிராக்டிக் படித்தவர். என்னைக் கண்ணாடி முன் நிறுத்தினார். வலத்தோள் காதைத் தொடப் பார்த்தது! பையைத் தூக்கியவர் திகைத்துவிட்டார்.

“இதுக்குள்ள என்ன, கல்லா?”

“கலியாண அல்பம், டொக்டர்.”

“மரக்கறி வாங்கவும் இதோடயா போறீங்க? அறையில வச்சிட்டுப் போங்க.”

“ஏலாது டொக்டர். இது துலைஞ்சால் நான் அவரிட்டப் போகேலாது.”

“அப்ப ரெண்டு தோளிலயும் மாட்டுற பை ஒன்று…” என்று தொடங்கியவர், சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டார். தமிழ்ப் பெண் ஒருத்தி முதுகில் பையோடு கொழும்பில் நடந்தால் தற்கொலைக் குண்டுதாரி என்று பிடித்துவிடுவார்கள் என்று இருவருக்கும் தெரியும். சிரித்துவிட்டோம்.

பிறகு என்னைக் குப்புறப் படுக்கவைத்து, பின்கழுத்தில் கை வைத்தார். இன்னும் அழுத்தக்கூட இல்லை, எனக்கு அழுகை வந்துவிட்டது.

“நோகுதா?”

“இல்லை டொக்டர்.”

வேறென்ன சொல்ல? சாவடியில் சோதிக்கும் பெண் பொலிஸைத் தவிர, இரண்டு வருடமாக என்னை ஒருவரும் தொட்டதில்லை. கணவரின் கைச்சூடு எப்படியிருந்தது என்று நினைத்துப் பார்த்தேன். நினைவுக்கு வரவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. வெளியே ஆட்கள் காத்திருக்க, வைத்தியர் நான் அழுது முடிக்கும்வரை கையை எடுக்காமலே நின்றார்.

கழுத்து மூன்று வாரத்தில் சரியானது. விசா வர இன்னும் ஒரு வருடம் சென்றது. வந்ததும் எல்லாம் அவசரம், கொட்டாஞ்சேனைப் பக்கம் போகவே இல்லை. கணவரோடு வாழ்ந்து இத்தனை காலமாகிவிட்டது. ஆனாலும் அவரை நான் எவ்வளவு தேடினேன் என்று எனக்கே உணர்த்திய அந்தக் கைக்கு ஒரு நன்றிகூடச் சொல்லாமல் விமானம் ஏறிவிட்டேனே என்று இன்றைக்கும் மனம் கிடந்து அடிக்கிறது.