ஒரே ஆட்டம், இரண்டு தீர்ப்பு

அந்த ஆட்டத்தை நானும் மனைவியின் தம்பியும் லவாலில் அவன் வீட்டுச் சோபாவில் ஒன்றாக இருந்துதான் பார்த்தோம். அமெரிக்கக் கல்லூரி அணிகளின் கூடைப்பந்தாட்டம். இரண்டுபேரும் ஒரே அணிக்குத்தான் காசு கட்டியிருந்தோம், ஆனால் ஆட்ட முடிவுக்கு இணையத்தில் பந்தயம் கட்டும் வெவ்வேறு கணிப்புச் சந்தைகளில். அந்த அணி வெல்லும் என்ற சீட்டு எழுபது சதம். வென்றால் ஒரு டொலர் தருவார்கள், தோற்றால் ஒன்றுமில்லை. எனக்கு விளங்கியது அவ்வளவுதான்.

எங்கள் அணி நல்ல முன்னிலையில் நின்றது. சீட்டின் விலை தொண்ணூறு சதத்தைத் தாண்டியது. அந்த நேரம் பார்த்துக் கூரை ஒழுகித் தரை நனைய, ஆட்டத்தை நிறுத்தினார்கள். பிறகு அது தொடரவேயில்லை. முடிவில்லை என்று அறிவித்துவிட்டார்கள்.

கட்டிய காசாவது திரும்பி வரும் என்று நினைத்தேன். முடிவில்லாத ஆட்டத்தில் இரு பக்கத்துக்கும் பாதிப்பாதி என்று சொல்லி, என் சந்தை சீட்டுக்கு ஐம்பது சதம் போட்டது. தோற்றுக்கொண்டிருந்த அணிக்குக் கட்டியவனுக்கும் அதே ஐம்பது. மச்சானின் சந்தையோ ஆட்டம் நின்றபோது இருந்த விலையையே கொடுத்தது. அவனுக்கு லாபம், எனக்கு நட்டம். என் சந்தைக்கு எழுதிக் கேட்டேன். எழுதியதற்கு நன்றி சொல்லி, கீழே விதியை ஒட்டி அனுப்பினார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்து, ரொக்ஸ்பரோவில் எங்கள் வீட்டுக்கு அவன் சாப்பிட வந்தான். விதிகளை வாசித்துவிட்டுக் கட்டியிருக்க வேண்டும் என்று எனக்குப் புத்தி சொன்னான். அந்தச் சந்தையில் என்னைச் சேர்த்துவிட்டதே அவன்தான்.

மனைவி அகப்பையைக் கீழே வைத்தாள்.

"உனக்கு இது முதலே தெரியுமோ?"

"ஓம் அக்கா. போன வருசம் எனக்கும் உப்பிடித்தான் நடந்தது. அதுதான் நான் மற்றதுக்கு மாறினனான்."

"அப்ப இவரை ஏன் அங்க சேர்த்து விட்டனி?"

ஆள் சேர்த்துவிட்டால் தனக்குக் கொஞ்சக் காசு வரும் என்று கோப்பையைப் பார்த்தபடி சொன்னான். பெரிய தொகை இல்லையாம். சந்தைக்காரனை எனக்குத் தெரியாது. இவன் என் கலியாணத்தில் எனக்குப் பக்கத்தில் நின்றவன்.

மனைவி அவனுக்குச் சோறு போட்டாள்.

கணக்கை மூடிவிட்டேன். அவன் இப்பவும் வாறான், அத்தான் என்று கூப்பிடுகிறான், நானும் பதில் சொல்கிறேன். ஆனால் கைபேசியில் எதையாவது காட்ட வந்தால் எழும்பிக் குசினி அடுப்படிக்குப் போய்விடுவேன். மனைவி என்னைத் திருப்பிக் கூப்பிடுவதில்லை.