உடையாத இரண்டு வெள்ளைக் கோடுகள்

சபையாரே, தொண்ணூறுகளின் நடுவில், ஒரு சனிக்கிழமை காலையில், என் தம்பி அருள் செர்காம் கடலில் காணாமல் போனான். அதைச் சொல்லவே எழுந்து நிற்கிறேன்.

ஜாசினில் லாரிப் பட்டறை வேலை அவனுக்கு. வார இறுதியில் ஹமீது என்பவரோடு டொர்னாடோ ஓட்டுவான். அப்போது ஒலிம்பிக்கில் ஓடிய பந்தயப் படகு வகை அது. ஒல்லியான இரண்டு வெள்ளை உடல்கள், நடுவே ஆள் உட்கார வலை, மேலே பெரிய பாய். ஹமீது சுக்கான் பிடிப்பார். அருள் இடுப்புக் கொக்கியைப் பாய்மரக் கம்பியில் மாட்டிக்கொண்டு, தண்ணீருக்கு மேல் சாய்ந்து தொங்குவான்.

"ஒரு நாள் ஏறிப் பாரு லா அக்கா."

"ஏன், என்னையும் சேத்துக் கொல்லவா?"

அன்று அவனுக்குப் பசியாற, தேங்காய்ப்பால் மணக்கும் நாசி லெமாக் சோறு கொண்டுபோயிருந்தேன். சபைத் தோழி மேரியக்காவும் கூட வந்தார். அவர்கள் கடலுக்குள் போன பிறகு, அக்கரையில் சுமத்திரா பக்கம் வானம் கறுத்தது. காற்று அறைந்தது. மழை கடலை மூடியது. மழை விட்டபோது அவர்கள் படகின் பாயைக் காணோம்.

மீன்பிடிப் படகுகள் தேடிப் போயின. நாங்கள் மணலில் மண்டியிட்டுக் கண்ணை இறுக மூடினோம். நம் வழக்கம் அதுதானே. திறந்தால் கடல் தெரியுமே என்ற பயமும்தான். வாய் ஸ்தோத்திரம் சொன்னது. நெஞ்சோ அந்தக் கொக்கியிலேயே கிடந்தது. கழன்றிருக்குமா? வலைக்கடியில் சிக்கியிருப்பானோ?

கடைசிப் படகைத் தள்ளிக்கொண்டிருந்த மீனவர் பாக் டின் எங்களை அக்கா என்று கூப்பிட்டு மலாயில் கத்தினார்: "காக், தொழுங்க, வேணாங்கல! கண்ணத் தொறந்துகிட்டுத் தொழுங்க! எந்தப் பக்கம் போறதுன்னு யாராச்சும் பாத்துச் சொல்லணும்ல!"

எனக்குக் கோபம் வந்தது. மேரியக்கா இடித்தார். "தொறடி. ஆண்டவரு கோவிச்சுக்க மாட்டாரு."

திறந்தேன். சாம்பல் நிறத் தண்ணீர். எங்கும் நுரை. எல்லாரையும் போல நானும் பாயைத்தான் தேடினேன். காட்டும், அப்பா, காட்டும். தெற்கே அலைநுரை எழுந்து எழுந்து உடைந்தது. அதில் இரண்டு வெள்ளைக் கோடுகள் மட்டும் உடையவில்லை. பக்கத்தில் பக்கத்தில், அப்படியே மிதந்தன.

"அங்க! அங்க பாருங்க!"

அவர்கள் படகு தலைகீழாய்க் கவிழ்ந்து, பாய் முழுதும் நீருக்கடியில் போயிருந்தது. மேலே தெரிந்த அதன் இரண்டு வெள்ளை உடல்களைக் கட்டிக்கொண்டு இருவரும் குப்புறக் கிடந்தார்கள்.

நான் கைகாட்டிய பக்கம் போய் பாக் டின் இருவரையும் கரைசேர்த்தார். அருளின் உதடு வெளுத்திருந்தது. "நாசி லெமாக் இருக்கா, இல்ல நீங்களே தின்னுட்டீங்களா?" என்றான். அறைந்தேன். பிறகுதான் அழுதேன்.

அடுத்த வாரமே மறுபடி கடலுக்குப் போனான். என் பயம் போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அன்று முதல் கண்ணைத் திறந்தே ஜெபிக்கிறேன். ஆராதனையில் என்னைப் பார்த்துச் சிலர் சிரிப்பது எனக்குத் தெரியும். கண் திறந்துதானே இருக்கிறது.

உங்களுக்கும் பார்க்கப் பயமான கடல் ஒன்று இருக்கும். அதைப் பார்த்தபடியே அவரைக் கூப்பிடுங்கள். எனக்குக் காட்டினார். உங்களுக்கும் காட்டுவார்.