சூசை அண்ணனும் ‘இத்த’வும்

சூசை அண்ணன் போய்விட்டார். இன்று காலை, தூக்கத்திலேயே... ராயபுரத்தில் அவர் வீட்டு வாசலில் நின்றுதான் இதை எழுதுகிறேன்.

அழுகைக்கு முன்னால் "அப்பாடா" என்றுதான் வந்தது. தப்பாக நினைக்காதீர்கள். கடைசி மாதங்களில் ஒவ்வொரு மூச்சுக்கும் அவர் பட்ட பாட்டைப் பார்த்தவர்களுக்குப் புரியும்.

இன்டர்நெட்டில் வீடியோ போடுவதே புதுசாக இருந்த காலம். காசிமேட்டில் கல்யாண வீடியோ எடுத்துக்கொண்டிருந்த எங்கள் ஸ்டூடியோ, படகு இன்ஜின் ரிப்பேர் வீடியோக்களை நெட்டில் ஏற்ற ஆரம்பித்தது. கேமரா முன்னால் பேசுவது மெக்கானிக் சூசை அண்ணன். அதையே கீழே கட்டுரையாக எழுதுவது நான்.

பிரவுசிங் சென்டரில் வீடியோ லோட் ஆகாமல் சுற்றிக்கொண்டே நிற்கும். கட்டுரை என்றால் பிரிண்ட் எடுத்து மடித்துக்கொண்டு போகலாம்.

அண்ணனுக்கு அது பிடிக்கவே பிடிக்காது. "அதான் வீடியோ கீதே... எய்த்து வேற இன்னாத்துக்கு?"

என் கஷ்டம் வேறு. மனுஷன் ஒரு பாகத்துக்கும் பெயர் சொல்ல மாட்டார். "இத்த லூஸ் பண்ணு, அத்த அமுக்கு, அப்பால இத்த டைட் பண்ணு." அவ்வளவுதான் பாடம்! "எத்தண்ணா?" என்று கேட்டுக் கேட்டு அவர் உயிரை வாங்கியிருக்கிறேன். எனக்கு அவர் வைத்த பெயரே எத்தம்மா.

ஒருநாள் சாயங்காலம் நாங்கள் ஸ்டூடியோவில் இருந்தபோது அவர் தம்பி ஆரோக்கியம் கடலிலிருந்து போன் செய்தார். எண்ணூருக்கு நேரே இன்ஜின் நின்றுவிட்டது. கடலில் காற்று வலுத்துவிட்டது... படகைக் கப்பல் வரும் வழிக்கு அடித்துக்கொண்டு போகிறது.

"டேய், டீசல்ல ஏர் புட்ச்சிகினு கீது. இத்த லூஸ் பண்றா." சொல்லும்போதே அண்ணனின் விரல் காற்றில் எதையோ காட்டியது.

"எத்தண்ணா?" என்றார் தம்பி.

அண்ணனுக்கு முகம் வெளுத்துவிட்டது. தினம் தொடுகிற சாமானுக்கு அந்த நேரத்தில் பெயர் வாயில் வரவில்லை. போனை என் கையில் திணித்தார். "நீ எய்தி வெச்சியே... அத்தப் படிமா."

ஸ்டூடியோ கம்ப்யூட்டரில் எங்கள் பக்கத்தைத் திறந்தேன். வீடியோ வழக்கம்போலச் சுற்றிக்கொண்டிருந்தது. கட்டுரை திறந்துவிட்டது. டீசல் பில்டர் தலையில் உள்ள சின்ன ஸ்க்ரூவைத் தளர்த்தவும். பக்கத்தில் உள்ள கை பம்பை அமுக்கவும். நுரை நின்று வெறும் டீசல் வந்ததும் ஸ்க்ரூவை இறுக்கவும்... ஒவ்வொரு வரியாகப் படித்தேன்.

போனில் வெறும் காற்றுச் சத்தம். கொஞ்ச நேரம் கழித்து டுபு டுபு என்று இன்ஜின்.

அண்ணன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். நானும் பக்கத்திலேயே உட்கார்ந்தேன்.

மறுநாள் ஷூட்டிங். "இத்த..." என்று ஆரம்பித்தவர் நிறுத்தினார். கேமராவை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"இதுக்கு நீ இன்னா பேர் எய்துனமா?"

அண்ணா... ஆரோக்கியம் இப்போது உங்கள் தலைமாட்டில்தான் உட்கார்ந்திருக்கிறார். தலையெல்லாம் நரைத்துவிட்டது. நீங்கள் நிம்மதியாகப் போங்கள்.