சுரைக்காய்ப் பாஸ்தா

என் கணவருக்குச் சர்க்கரை இருப்பது தெரிந்த வருஷம்தான் எங்கள் வீட்டில் இத்தாலிச் சமையல் தொடங்கியது. வேலம்பாளையத்தில் சின்ன பனியன் கம்பெனி நடத்துகிறவருக்கும் இத்தாலிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்கள் சிரிப்பார்கள். எங்கள் டீ-சர்ட்டுகள் அங்கேதான் போய்க்கொண்டிருந்தன. சரக்கைப் பார்க்க அந்த ஊரிலிருந்து வந்த அம்மாள் ஒரு மதியம் எங்கள் வீட்டில் சாப்பிட்டார். இவர் தட்டில் குவிந்திருந்த சோற்றையும் பக்கத்தில் இருந்த மாத்திரையையும் மாறி மாறிப் பார்த்தார். தன் அப்பாவுக்கு இதே வியாதியில் ஒரு கால் போய்விட்டது என்று எனக்குப் புரியும்படி மெதுவான இங்கிலீஷில் சொன்னார். அப்புறம் எழுந்து நேராக என் சமையலறைக்குள் வந்துவிட்டார்.

அங்கே கிடந்த பிஞ்சுச் சுரைக்காயைத் தோல் சீவும் கத்தியால் நாடா நாடாகச் சீவினார். உப்புப் போட்டுப் பிசிறி, தண்ணீரைப் பிழிந்தார். எண்ணெயில் பூண்டும் தக்காளியும் வதங்கியதும் அதைப் போட்டு இரண்டு புரட்டு, அவ்வளவுதான். மாவும் இல்லை, சோறும் இல்லை, பத்து நிமிஷத்தில் வேலை முடிந்தது. அவர்கள் ஊரில் மேலே ஏதோ இலை கிள்ளிப் போடுவார்களாம். நான் கொல்லையிலிருந்து திருநீற்றுப் பச்சிலை பறித்து வந்து நீட்டினேன். மோந்து பார்த்துவிட்டு என் கன்னத்தைத் தட்டிக்கொடுத்தார்.

அன்றிலிருந்து அரிசிப் பானை பரண் ஏறியது. நான் பிடித்தால் பிடித்ததுதான். சுரைக்காய் அலுத்தால் கீரையும் சீஸும் போட்ட முட்டை அடை, அதுவும் அலுத்தால் தக்காளியில் வேகவைத்த கோழி. துணைக்கு நானும் அதையே தின்றேன். குழம்புச் சோற்றுக்கு ஏங்கி ஒருநாள் அழுதேவிட்டேன். இவர் முனகவே இல்லை. "நல்லாத்தான் இருக்குது புள்ள" என்று வழித்துச் சாப்பிடுவார்.

மூன்று மாதம் கழித்து ரத்தம் எடுத்துப் பார்த்தால் சர்க்கரை ஏறியிருந்தது. "ஊட்ல என்னதாங்க போடறீங்க?" என்று டாக்டர் என்னைத்தான் கேட்டார். ஒன்றுவிடாமல் ஒப்பித்தேன். அவர் நம்பவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மனுஷன் வெளியே எங்கேயோ பரோட்டாவை வெளுத்துக்கட்டுகிறார் என்று முடிவுகட்டி, வீட்டுக்கு வந்ததும் கேட்டேன்.

"வெளிய ஒரு வாய் தின்னதில்ல புள்ள, சத்தியமா."

நான் நம்பவில்லை. பேச்சை நிறுத்திவிட்டேன். ஒரு மாதம் ஓடியது.

கையும் களவுமாகப் பிடித்தே தீருவது என்று ஒருநாள் காலை, நூல் வாங்க வேண்டும் என்று ஒரே ஒரு சாக்கு மட்டும் சொல்லி அவர் காரில் ஏறிக்கொண்டேன். எங்கள் ஊரில் பனியன் ஒரே கூரையின் கீழ் உருவாவதில்லை. துணி பின்ன ஓரிடம், சாயத்துக்கு ஓரிடம், பிரிண்டிங்குக்கு ஓரிடம் என்று முதலாளி பொழுதுக்கும் சுற்ற வேண்டும். போன இடத்திலெல்லாம் நாங்கள் உட்காருமுன் டீ வந்தது, சர்க்கரை தூக்கலாக. நாலாவதாகப் போனது ஒரு சாயப்பட்டறை. அங்கே எனக்குப் பொறுக்கவில்லை.

"வேண்டாங்க, இவருக்குச் சக்கரை இருக்குதுங்க."

பட்டறைக்காரர் முகம் சுண்டிவிட்டது. "ஏனுங்க, கலர்ல ஏதாச்சும் கொறைங்களா? சொல்லிப்போடுங்க, மறுக்காப் போட்டுத் தாரனுங்க."

"கொறையெல்லாம் ஒண்ணுமில்லீங்க" என்று என் கணவர் அவசரமாக டம்ளரை வாங்கி ஒரே மூச்சில் குடித்தார்.

காரில் ஏறியதும் சொன்னார்: "டீ குடிக்காம எந்திரிச்சா சரக்குப் புடிக்கலைன்னு அர்த்தம் புள்ள. அப்பறம் நம்ம வேலைய ஓரங்கட்டிப் போடுவாங்க."

அவர் பொய் சொல்லவில்லை. தின்றதைத்தான் நான் கேட்டேன், குடித்ததைக் கேட்கவில்லை. டீயைச் சாப்பாடாக அவரும் நினைக்கவில்லை, நானும் நினைக்கவில்லை. எனக்கு வெட்கமாகப் போயிற்று.

அன்று ஒவ்வொரு இடத்திலும் படியேறும்போது அவர் லேசாக நொண்டியதைப் பார்த்திருந்தேன். வீட்டுக்கு வந்ததும் சாக்ஸைக் கழற்றச் சொன்னேன். தயங்கித் தயங்கிக் கழற்றினார். வலது காலில் கட்டைவிரல் கறுத்துக் கிடந்தது. ஷூ கடித்த புண்ணாம், மூன்று வாரமாக இருக்கிறதாம்.

"ஏனுங்க எங்கிட்டச் சொல்லல?" என்று கத்தினேன்.

அவர் குரலில் கோபமே இல்லை. "நீதான் பேசறதில்லையே புள்ள" என்றார்.

அந்த வாரமே விரலை எடுத்துவிட்டார்கள். இரண்டு வாரம் முன்னால் வந்திருந்தால் மருந்திலேயே ஆறியிருக்கும் என்றார் டாக்டர். அந்த இரண்டு வாரமும் நான் மூன்று வேளையும் அவர் முன்னால் தட்டை வைத்தேன், முகத்தைப் பார்க்காமல் திரும்பிப் போனேன்.