நகர்ந்துபோன மேடை

நாலாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். ஈப்போவில் இருக்கும் லாரி கம்பெனியும் மாடி வீடும் என் கையால் உண்டானவை.

எழுபதுகளில், சுங்காய் ரப்பர் தோட்டத் திருவிழாவுக்கு என் லாரியைத்தான் நாடக மேடையாக விட்டேன். பால்மரம் வெட்டி ரப்பர் பால் எடுக்கும் பெண் ஒருத்தி முதன்முதலாகச் சிரிப்பு வேடம் கட்டினாள்.

"யாரும் சிரிக்கலன்னா இதோட விட்டுடுவேன் அண்ணே. மறுபடி மரம் வெட்டத்தான்," என்றாள்.

யாரும் சிரிக்கவில்லை. "வீட்டுக்குப் போ லா!" என்று ஒருவன் கத்தினான்.

அந்நேரம் பார்த்து, சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்த கல் நழுவி, லாரி அவளோடு மெல்ல நகர்ந்தது. நான் முட்டுக் கொடுக்க வேறு கல் தேடி ஓடினேன். அவளோ கூட்டத்தைப் பார்த்துக் கைகூப்பினாள்.

"போகச் சொன்னீங்க, சரி. அதுக்கு லாரியோடவா அண்ணே அனுப்புவீங்க?"

கூட்டம் வயிறு வலிக்கச் சிரித்தது. சிரித்தபடியே ஓடிவந்து லாரியைப் பிடித்து நிறுத்தியது.

எண்பதுகளில் தொலைக்காட்சியில் அந்தம்மா நாட்டையே சிரிக்க வைத்தார். அது முழுக்க அவர் திறமை. ஆனாலும் அவர் கதையை எழுதுகிறவர்கள், முதல் மேடை தந்தவன் நான் என்று ஒரு வரி போட்டே ஆக வேண்டும்.